வாசலோடு நின்றுவிட்ட சட்டம்

(கண்டியில் நடைபெற்ற தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வைப் பற்றி நாம் பேசுவோம் என்று எண்ணி வந்தோர் உங்களிற் பலர் இருக்கக்கூடும். அதைப் பற்றிப் பேச நமக்குப் பின்னால் வல்லவர்கள் இருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் மேடைகளில் இதுவரை ஏறாத பொருள். ஓட்டிசம் என்னும் நிலையோடு பிறந்தவர்கள் வேலைத்தலத்தில் எவ்வாறு நடத்தப்படுகின்றனர், இந்நாட்டுச் சட்டம் அவர்களை எதுவரை காக்கிறது, எவ்விடத்தில் கைவிட்டுவிடுகிறது என்பதே அது. "இது டாக்டர்மார் பேசவேண்டிய விஷயமல்லவா? சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். ஆறு மாதங்களுக்கு முன் நம்மிடம் இதைச் சொல்லியிருந்தால் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஒரு கடிதம் வந்து நம் எண்ணத்தை மாற்றிற்று.

இரண்டு வரிக் கடிதம்

கலஹாவுக்கு அப்பால், மலைச்சரிவிலுள்ள தோட்டமொன்றில் பிறந்த இளைஞன் ஒருவன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் இந்நாட்டில் வாணிபத்துக்கென முதன்முதலாகத் தேயிலை நட்ட லூல்கந்துரைத் தோட்டம் அந்தப் பக்கத்து மலைகளிலேதான் இருக்கிறது. இளைஞனின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாம் சொல்லப் போவதில்லை. அவன் அவ்வாறு கேட்டுக்கொண்டான். தாய் கொழுந்து பறிப்பவர். தகப்பனார் இல்லை. நான்கு வயதுவரை பேச்சு வரவில்லை. வந்த பின்னும் ஒருவர் முகத்தை நோக்கிப் பேசும் பழக்கம் வரவில்லை. லயத்துக்கு முன்னால் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது இவன் குழாயடியில் இருந்து தண்ணீர் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பான். ஆனால் பள்ளிக்கூடத்தில் கணக்கிற் கெட்டிக்காரன், க.பொ.த. சாதாரண தரத்தில் நன்கு தேறினான்.

ஓட்டிசம் உள்ளவர்கள் எல்லோரும் கணக்குப் புலிகள் என்று எண்ணிவிடாதீர்கள். அது சினிமாக்காரர்கள் பரப்பிய கதை. பேச்சே வராதவர்களும் அவர்களில் உண்டு. பாட்டில், படத்தில், தோட்ட வேலையில் நாட்டமுள்ளவர்களும் உண்டு. எதிலும் விசேஷமான திறமை இல்லாமல் நம்மைப் போலவே சாதாரணமாக இருப்பவர்களும் உண்டு. சாதாரணமானவனுக்கும் வேலை வேண்டும். நாம் சொல்லும் இளைஞனுக்குக் கணக்கு வந்தது, அவ்வளவுதான்.

கண்டி நகரில் மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனமொன்றில் களஞ்சியக் கணக்கு எழுதும் வேலை அவனுக்குக் கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். உள்ளறையில் ஒரு மேசை. மூட்டைகள் வருவதையும் போவதையும் பதிய வேண்டும். நான்கு மாதம் அப்பதிவேட்டில் ஒரு பிழை இல்லை. பழைய கணக்கில் மறைந்து கிடந்த பிழைகளைக்கூட அவன் எடுத்துக் கொடுத்தான் என்று உடன் வேலை செய்தவர்களே நம்மிடம் கூறினர்.

பின்பு மேலாளர் மாறினார். புதியவர் வந்து, "எல்லோரும் எல்லா வேலையும் பழக வேண்டும்" என்றார். இளைஞனை உள்ளறையிலிருந்து தூக்கி முன்கூடத்தில், டெலிபோனுக்குப் பக்கத்தில் இருத்தினார். அது எசல பெரஹராக் காலம். அந்நாட்களில் கண்டித் தெருக்கள் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மேளமும் ஒலிபெருக்கியும் சவுக்கடியும் பஸ் ஹோர்னும் சனவெள்ளமும்! நமக்கே தலை சுற்றும். அவனுக்கோ ஒவ்வோர் ஓசையும் காதுக்குள் ஆணி இறக்குவது போல. ஓட்டிசம் உள்ளவர்களிற் பலருக்கு ஓசையும் வெளிச்சமும் தொடுகையும் அப்படித்தான் தைக்கும். அவன் காதைப் பொத்திக்கொண்டு இருந்தான். "இது நல்ல சரக்கா, தம்பி?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். "இல்லை, போன வருடத்துச் சரக்கு" என்றான். உண்மை! ஆனால் வியாபாரத்துக்கு ஆகாத உண்மை. ஒருநாள் எழுந்து போய், மூட்டைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு வந்தான். மறுநாள் கடிதம் வந்தது. இரண்டே வரி. தகுதிகாண் காலத்தில் உமது சேவை திருப்தியளிக்கவில்லை; இன்றோடு உமது வேலை முடிவடைகிறது.

அவனுடைய தாயார் அதை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "ஐயா, என் மகன் திருடல, குடிக்கல, ஒரு நாள் பிந்திப் போகல. என்ன குத்தம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டது சிறிய காரியந்தான். அந்தச் சிறிய காரியத்தைச் சட்டத்திற் தேடப் போய்த்தான் நாம் இத்தனையும் கற்றோம்.

பெயரிலேயே வழுக்கல்

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் இந்நிலையை விவரித்து எழுதினார். இது தொற்றுநோய் அன்று. தாயின் வளர்ப்புக் குற்றமும் அன்று. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பிறவியோடு வருவது, ஆயுள் முழுதும் இருப்பது. தமிழ்நாட்டில் சிலர் இதனை மதியிறுக்கம் என்கின்றனர். அங்குள்ள அரசாங்கம் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதிவந்திருக்கிறது. புற உலகம் தன் காதையும் கண்ணையும் துளைப்பதால் வருந்துகிறவனைப் புற உலகச் சிந்தனையே இல்லாதவன் என்பதா? நாம் ஓட்டிசம் என்றே சொல்லிப் போவோம். பிறமொழிச் சொல்லாயினும் பழிச்சொல் அன்று.

எத்தனை பேர்? இலங்கையில் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, 93 பேருக்கு ஒருவர் என்று கண்டது. அந்தக் கணக்கு இங்கும் பொருந்துமாயின், ஆயிரம் பேர் வாழும் தோட்டமொன்றில் பத்துப் பேர் இருப்பர். அவர்கள் எங்கே? லயத்தின் கோடிக் காம்பராவில், 'விசர்' என்றும் 'ஊமை' என்றும் பெயர் பெற்று உட்கார்ந்திருக்கின்றனர். 2012 குடிசன மதிப்பீடு ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 சதவீதத்தினரை ஏதோ ஒரு குறைபாடு உடையவர்களாகக் கண்டது. பார்வை, செவி, நடை, நினைவு, தன்னைப் பேணுதல், கருத்தைத் தெரிவித்தல் என்ற ஆறும் கேட்கப்பட்டன. ஓட்டிசம் என்று தனியே கேட்கப்படவில்லை. எண்ணப்படாதவனுக்குச் சட்டம் செய்வார் யார்?

சட்டம் என்ன சொல்கிறது?

தோழர்களே, இந்த நாட்டின் தொழிற்சட்டம் பெரும்பகுதியும் தொழிலாளர் சிந்திய வேர்வையிலும் இரத்தத்திலும் எழுதப்பட்டது. இங்கிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் போனால் முல்லோயாத் தோட்டம் வருகிறது. 1940 ஜனவரியில் அங்கேதான் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். பத்தாண்டு கழித்து, 1950இல், கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வந்தது. 1957இல் அதைத் திருத்தித் தொழில் நியாயசபைகளை அமைத்தனர். வேலை நீக்கப்பட்ட தொழிலாளி வக்கீலுக்குக் கொட்டிக் கொடுக்காமலே சென்று நியாயம் கேட்கும் இடம் அது. அதற்கும் முன்னர், 1934இலேயே, தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருந்தது. தேயிலை ஸ்டோரில் ரோலர் இயந்திரம் ஒருவன் கையைப் பறித்தால், அக்கைக்கு இவ்வளவு என்று அச்சட்டம் விலை வைத்தது. கண்ணுக்குத் தெரியும் காயத்தை நம் சட்டம் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைக் காண அதற்கு 1996 வரை சென்றது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையுடைய ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 23ஆம் பிரிவை நாம் பலமுறை படித்தோம். இயலாமையைக் காரணமாகக் கொண்டு, எந்த வேலைக்கோ பதவிக்கோ ஆட்சேர்ப்புச் செய்வதிலும், கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலும் ஒருவருக்குப் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அரசாங்கம், தனியார் என்ற வேற்றுமை இல்லாமல் 'எந்த வேலை'யையும் சொல்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் அதில் ஒரு சொல்லைக் கூர்ந்து பாருங்கள். ஆட்சேர்ப்பு! உள்ளே விடும்போது பாரபட்சம் காட்டாதே என்கிறது. உள்ளே விட்ட பின்? இடமாற்றம், பதவியுயர்வு, சம்பளம், கேலி, வேலை நீக்கம் ஆகியவற்றைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல் இல்லை. வாசலில் நின்று வணக்கம் சொல்லி வரவேற்கும் காவற்காரன், வீட்டுக்குள் அடி விழும்போது திரும்பிப் பாராமல் நிற்பது போன்றது இது.

இளைஞனுக்காக நாம் அணுகிய சட்டத்தரணி இதனைத்தான் சொன்னார்: "அவனைச் சேர்த்துக்கொண்டார்களே! 23ஆம் பிரிவு அத்தோடு நிறைவேறிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாடும்." தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமாகும் வரை ஆட்சேர்ப்பு முற்றுப்பெறவில்லை என்று வாதாட இடமுண்டு என்றும் அவர் கூறினார். வாதாடலாம். வெல்லுவோம் என்று உறுதி சொல்ல அவருக்கு நா எழவில்லை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அது இதனினும் பொல்லாதது. இயலாமையுடையவர் யார் என்று அதே சட்டம் வரையறை கூறுகிறது. உடல் அல்லது உள ஆற்றலின் குறைவு காரணமாக, வாழ்க்கைத் தேவைகளைத் தாமாகவே முழுவதுமோ பகுதியோ நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் எவரோ அவர் என்கிறது. கேட்டீர்களா? நம் இளைஞன் சம்பாதித்தான்; தாய்க்கு அரிசி வாங்கிக் கொடுத்தான்; பஸ் ஏறித் தனியே வேலைக்குப் போய் வந்தான். "இவன் தன் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்கிறவன், சட்டத்தில் இவனுக்கு இடமில்லை" என்று சம்பளச் சீட்டை நீதிபதிக்குக் காட்டினால் நாம் என்ன சொல்வது? அவனால் இயலாது என்று சொன்னால் சட்டம் காக்கும். முதலாளி வேலை கொடுக்கமாட்டான். இயலும் என்று சொன்னால் முதலாளி வேலை கொடுப்பான், சட்டம் காக்காது. பாதுகாப்பு வேண்டுமானால் 'நான் உதவாதவன்' என்று நிரூபி. வேலை வேண்டுமானால் 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று நடி! இரண்டும் பொய். ஓட்டிசம் உள்ள எத்தனையோ பேர் ஆயுள் முழுவதும் இந்த இரண்டாவது பொய்யை நடித்து நடித்தே ஓய்ந்துபோகின்றனர்.

மலையகத் தமிழருக்கு இது புதிதன்று. நீ இந்நாட்டவன் என்பதற்குச் சான்று எங்கே, உன் தகப்பன் பிறந்த பத்திரம் எங்கே என்று 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கேட்டது. இங்கே பிறந்து, இங்கே உழைத்து, இங்கே மண்ணானவர்களிடம் இல்லாத காகிதத்தைக் கேட்டது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கூடி இவ்வளவு பேர் அங்கே, இவ்வளவு பேர் இங்கே என்று தலை எண்ணிப் பங்கிட்டனர். 2003 வரை அந்தத் துயரத்தின் மிச்சம் இழுபட்டது. பாட்டனிடம் நாட்டுச் சான்றிதழ் கேட்டனர். இன்று பேரனிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்கின்றனர். அந்தச் சான்றிதழைத்தான் எளிதாகப் பெற முடிகிறதா? வளர்ந்த ஒருவனைத் தமிழிற் பேசிச் சோதித்து, தமிழில் அறிக்கை எழுதித் தரும் நிபுணர்கள் மலைநாட்டில் அரியர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று எழுதிவைத்தது. எழுதிவைத்ததற்கும் பேராதனைக்குப் போய் வரிசையில் நிற்கும் தாய்க்கும் இடையே எத்துணைத் தொலைவு!

அரசியலமைப்பைப் பார்த்தோமா என்பீர்கள். பார்த்தோம். 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் என்பவற்றால் பாரபட்சம் கூடாது என்று வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் இயலாமை இல்லை. அதே உறுப்புரையின் நான்காம் பந்தி, பெண்கள், சிறுவர், இயலாமையுடையோர் ஆகியோரின் நலனுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்வதற்குத் தடையில்லை என்று மாத்திரம் கூறுகிறது. மேலும், அடிப்படை உரிமை மனு அரசாங்கத்தின் செயலுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்திற் செல்லும். கண்டித் தெருவில் உள்ள தனியார் வியாபாரிக்கு எதிராக அது செல்லாது. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம் அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகுதியுள்ள இயலாமையுடையோருக்கு ஒதுக்கச் சொன்னது. அதுவும் அரச வேலைக்கே. சுற்றுநிருபம் என்பது சட்டமும் அன்று.

எஞ்சியிருப்பது தொழில் நியாயசபை. அங்கே இயலாமை என்ற சொல்லே தேவையில்லை. நீக்கியது நியாயமா என்பதே கேள்வி. நீதியும் நேர்மையுமான கட்டளையை இடும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. ஆனால் தகுதிகாண் காலத்திலுள்ளவனை நீக்க முதலாளி காரணம் காட்டவேண்டியதில்லை என்பது நம் நீதிமன்றங்கள் வகுத்த வழி. கெட்ட எண்ணத்தோடு நீக்கினார் என்று தொழிலாளிதான் காட்டவேண்டும். ஆக, ஆட்சேர்ப்புச் சட்டம் 'நீ உள்ளே வந்துவிட்டாய்' என்கிறது; தொழிற்சட்டம் 'நீ இன்னும் முழுதாக உள்ளே வரவில்லை' என்கிறது. நம் இளைஞன் வாசற்படியில் நிற்கும்போது இரண்டு கதவுகளும் அவன்மீது ஒருங்கே சாத்தப்பட்டன.

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் ஆட்சேர்ப்போடு நிற்பதில்லை. வேலை நீக்கம்வரை செல்கிறது. அதற்கு மேலே ஒரு கடமையையும் முதலாளிமீது சுமத்துகிறது. தொழிலாளியின் நிலைக்கேற்ப நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும். செய்யாமல் விடுவதே பாரபட்சம். ஒரு வழக்கைச் சொல்கிறோம். அந்நாட்டு அரசாங்கச் சட்டப் பணியில் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஒரு பெண்மணி, ஓட்டிசத்தின் ஒரு வகையான அஸ்பெர்கர் நிலை உடையவர். தேர்வு முழுவதும் 'இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்க' என்ற கேள்விகள். "கற்பனைச் சூழ்நிலையிலிருந்து ஒரு விடையைப் பொறுக்குவது என் மனத்துக்கு இயலாது, சில வரிகளில் எழுத விடுங்கள்" என்று கேட்டார். மறுத்துவிட்டனர். அவர் தேறவில்லை. வழக்காடினார். தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 2017இல் மேன்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. தோற்றது யார் தெரியுமா? அரசாங்கத்துக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கும் இலாகா! நமக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பாக்குநீரிணைக்கு அப்பால் பாருங்கள். இந்தியாவின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, 21 வகை நிலைகளை எழுதி, அவற்றுள் ஓட்டிசத்தையும் வைத்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. அதில் ஒரு சதவீதம் ஓட்டிசமும் அறிவுசார் குறைபாடும் மனநோயும் உள்ளிட்ட பிரிவினருக்குப் பொது. நியாயமான இணக்க ஏற்பாட்டை மறுப்பதே பாரபட்சம் என்றும் எழுதினர். அச்சட்டத்துக்கும் ஓட்டை உண்டு. வேலையில் பாரபட்சத்தைத் தடுக்கும் அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே கட்டுகிறது. ஒரு சதவீதத்தைப் பலர் பங்கிட வேண்டியிருக்கிறது. ஆயினும் பெயர் எழுதப்பட்டுவிட்டது. பெயர் எழுதப்பட்டவன் கதவைத் தட்டலாம்.

நம் நாடு வாளாவிருந்ததா? இல்லை. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் 2007இல் கையொப்பமிட்டது. 2016 பெப்ரவரியில் அதனை ஏற்று உறுதிசெய்தது. அதன் 27ஆம் உறுப்புரை ஆட்சேர்ப்பை மட்டுமா சொல்கிறது? வேலையில் தொடர்ந்திருத்தல், முன்னேறுதல், பாதுகாப்பான வேலை நிலைமை என்று எல்லாவற்றையும் சொல்கிறது. ஆனால் இந்நாட்டில் உடன்படிக்கை தானாகச் சட்டமாவதில்லை. பாராளுமன்றம் அதற்கென்று சட்டம் இயற்ற வேண்டும். வெளிநாட்டு மண்டபத்தில் போட்ட கையெழுத்தைக் கண்டி நியாயசபையிற் காட்டினால், அது இரக்கத்துக்கு உதவும். கட்டளைக்கு உதவும் என்று சொல்வதற்கில்லை.

செலவு என்னும் சாக்கு

"சிறிய வியாபாரம், இவற்றுக்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்று முதலாளிமார் கேட்கின்றனர். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். அளவுமீறிய சுமையை அந்த உடன்படிக்கையே முதலாளிமீது ஏற்றவில்லை. ஆனால் நம் இளைஞனுக்கு வேண்டியது என்ன? உள்ளறையில் ஏற்கெனவே இருந்த மேசை. வாய்க் கட்டளைக்குப் பதில் ஒரு துண்டுக் காகிதம். இடம் மாற்றுவதானால் ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுதல். பெரஹரா நாட்களில் காதில் வைக்கப் பஞ்சு. இதற்கு எத்தனை இலட்சம் ஆகும்? நாம் அந்த மேலாளரைச் சந்தித்து இதனையே கேட்டோம். அவர் கெட்டவர் அல்லர். நம்மை இருத்தித் தேநீர் கொடுத்தார். "அவனுக்கு அப்படியொரு நிலை இருக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். உண்மைதான். சொன்னால் வேலை கிடைக்காது என்று அஞ்சி, தாயும் மகனும் சொல்லவில்லை. சொல்லாததால் போயிற்று. சொன்னவனைக் காக்கச் சட்டம் இல்லாத நாட்டில் சொல் என்று நாம் எப்படி அவர்களுக்குப் புத்தி கூறுவது?

முதலாளிமாரைச் சாடிவிட்டு இறங்குவது எளிது. ஆனால் அவன் காதைப் பொத்தியபோது சிரித்தது யார்? உடன் வேலை செய்த தொழிலாளர். அவன் பேசுவதைப் போலப் பேசிக் காட்டியவன் நம் சங்கத்துச் சந்தா கட்டும் உறுப்பினன். அதனினும் வெட்கமான ஒன்று உண்டு. அந்தத் தாய் கொண்டுவந்து கொடுத்த கடிதம் நம் காரியாலய மேசையில் பதினொரு நாள் திறவாமல் கிடந்தது. 'ஏதோ சித்தசுவாதீனமில்லாத பையன் விஷயம்' என்று ஒதுக்கி வைத்தோம். காலக்கெடு ஓடும் வழக்கில் பதினொரு நாள் என்பது சிறிய களவன்று. அதை நாம் செய்தோம்.

ஆகவேதான் இன்று சில காரியங்களைக் கேட்கிறோம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, அல்லது அதைத் திருத்தி, ஓட்டிசத்தைப் பெயர் சொல்லி எழுதும் சட்டம் வேண்டும். ஆட்சேர்ப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, வேலையில் சேர்வது முதல் விலகுவது வரை என்று எழுதவேண்டும். இயலாதவன் என்று நிரூபித்தால்தான் காப்பு என்ற வரையறை போகவேண்டும். இணக்க ஏற்பாட்டை மறுத்துத் தகுதிகாண் காலத்தில் நீக்கினால், காரணம் காட்டும் பாரத்தை முதலாளிமீது வைக்கவேண்டும். தோட்டத்து மனிதனால் எட்டமுடிந்தது தொழில் நியாயசபைதான். ஆதலால் அங்கேயே இதனை விசாரிக்கும் அதிகாரமும், தமிழிலேயே மருத்துவ அறிக்கை பெறும் உரிமையும் வேண்டும். பாராளுமன்றம் அசையும்வரை நாம் கைகட்டி இருக்கவேண்டுமென்பதில்லை. முதலாளிமாரோடு சங்கங்கள் செய்யும் கூட்டு ஒப்பந்தங்கள் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ்ச் செல்லுபடியாகின்றன. அடுத்த ஒப்பந்தத்தில் இணக்க ஏற்பாடு என்று ஒரு வாசகத்தைச் சேர்க்கக் கேட்போம். கூலிக் கோரிக்கைக்குப் பதினைந்து பக்கம் எழுதுகிற கைக்கு இது இரண்டு வரி.

இப்போது காலக்கெடுவைப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். நாம் இழைத்த பிழையை நீங்கள் இழைக்கலாகாது. வேலை நீக்கப்பட்டால் சட்டம் விதித்த கெடுவுக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரச உத்தியோகத்தில் பாரபட்சம் நேர்ந்தால் ஒரே மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் அக்கெடுவில் சேரமாட்டா. அந்த ஆணைக்குழுவுக்குக் கண்டியில் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, நீக்கற் கடிதம் மூன்றையும் கிழியாமல் வைத்திருங்கள். இடமாற்றம் செய்தால், அது ஏன் தாங்காது என்பதை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயாற் சொன்னது நியாயசபையில் நிற்காது.

நம் இளைஞனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நான்கு மாதம் பிழையின்றி எழுதிய பதிவேட்டை நிறுவனம் சமர்ப்பிக்க வேண்டுமென்று கேட்டு விண்ணப்பம் தயாராகியிருக்கிறது. திருப்தியளிக்கவில்லை என்ற காரணம் வெறும் சாக்கு என்பதற்கு அப்பதிவேடே சாட்சி என்பது நம் வாதம். வெல்லும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. மேல் நீதிமன்ற மனுவையும் சேர்த்துப் போடுவதா என்று சட்டத்தரணிகள் ஆலோசித்து வருகின்றனர். தோற்றாலும், இன்ன இடத்தில் சட்டம் போதவில்லை என்று ஒரு தீர்ப்பு எழுத்தில் வரட்டும் என்று வாதாடுவோரும் நம்மிடையே உண்டு. அந்தப் பையனின் பிழைப்பை வைத்துப் பரீட்சை பார்ப்பதா என்று கேட்போரும் உண்டு. அவனிடமே கேட்டோம். வெகுநேரம் யோசித்து, "இரண்டையும் போடுங்கள், ஆனால் நான் பேசவேண்டியதை முன்னமே எழுதித் தாருங்கள்" என்றான்.

அவன் இன்று வரவில்லை. ஒலிபெருக்கி இருக்கும் என்று நாமே அவனுக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தோம். தாயார் வந்திருக்கிறார், முன்வரிசையிலேயே இருக்கிறார். கையெழுத்துத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. தத்தம் வீட்டிலோ லயத்திலோ இப்படி ஒரு பிள்ளை இருப்பவர்கள், கையெழுத்திடாவிட்டாலும் போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செல்லுங்கள். அடுத்துக் கூலிக் கோரிக்கையைப் பற்றித் தலைவர் அவர்கள் பேசுவார்கள்.